என் பெண்சாதி வாசித்த இரண்டு உறுதிகள்

போன வருஷம் ஆவணி மாதம், நாவற்குடாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த விஷயம் இது. அதற்கு முதல் நாள்தான் என் குளிர் லொறியின் கடைசித் தவணையைக் கட்டி முடித்து, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கியிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்லடிக் கடற்கரையில் மீன் வாங்கி, சைக்கிளில் பெட்டி கட்டி, தெருத்தெருவாய்க் கூவி விற்றவன். இன்றைக்கு எனக்கு மூன்று லொறி, ஒரு ஐஸ் கம்பனி. வாவி இறாலைக் கொழும்புக்கு அனுப்புகிறவர்களில் என்னைத் தெரியாதவர் இல்லை. ஒரு லொறியைச் சுனாமி கொண்டுபோனது. நான் இன்னொன்று வாங்கினேன், அவ்வளவுதான். இரண்டு மகள்மாருக்கும் கல் வீடு கட்டி, அவரவர் பெயரில் காணி உறுதிப் பத்திரம் முடித்துத்தான் கல்யாணம் செய்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான்.

கடன் முடிந்த சந்தோஷத்தில் ஒரு கிடாய் அடித்து, வேலையாட்களுக்கும் சொந்தக்காரருக்கும் மத்தியானச் சோறு கொடுத்தேன். எல்லோரும் பந்தியில் இருந்தபோது, கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுமுற்றத்தில் நின்றேன்.

"வெறுங்கையோட துவங்கினவன் நான். இண்டைக்கு எனக்குக் கடன் குடுத்தவன் எண்டு சொல்ல இந்த மட்டக்களப்பில ஒருத்தனும் இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். என் பெண்சாதியின் தங்கச்சி மட்டும் தட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"ஓம் அத்தான், சரிதான். குடுத்தவன் ஒருத்தனும் இல்ல. குடுத்தவள் குசினிக்குள்ள நிக்கிறாள்."

சமையல் நடந்த குசினிக்குள் இருந்து என் பெண்சாதியின் சத்தம் வந்தது: "வாயப் பொத்துகா! ஆக்கள் சாப்பிடுற நேரத்திலயா?"

என் டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியாமல் புரையேறிவிட்டது. நானும் சிரித்துச் சமாளித்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

தங்கச்சிக்காரி சொன்னது பனிச்சங்கேணி வளவைத்தான். வாவிக் கரையில் பன்னிரண்டு தென்னையும் ஒரு ஓட்டு வீடும். என் பெண்சாதிக்குத் தாய் தகப்பன் கொடுத்த சீதனம். கல்யாணம் முடித்து மூன்றாம் வருஷம், என் முதல் லொறிக்காக அதை விற்றேன். இரண்டு வருஷத்தில் திருப்பி வாங்கித் தருவேன் என்று சொல்லித்தான் விற்றேன். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாது. அவள் எட்டாம் வகுப்புப் படித்தவள். அவளுடைய வீட்டை விற்கிற உறுதியை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். வாசித்து முடித்துக் கையெழுத்தும் போட்டாள். அந்த வீட்டில் எங்களோடு இருந்த அவளுடைய தாய், இளைய மகளான இந்தத் தங்கச்சிக்காரியின் குடிலுக்குப் போனா. அங்கேயே கண்ணை மூடினா.

பிறகு நாவற்குடாவில் காணி வாங்கி மாடி வீடு கட்டினேன். உறுதி என் பெயரில். மகள்மாருக்கு முறை தவறாமல் செய்தவனுக்கு, பெண்சாதிக்கும் அதே முறைதான் என்பது நாற்பது வருஷமாய்த் தோன்றவில்லை.

விருந்துக்காரர் போன பிறகு, அவள் சோறு காய்ச்சிய கிடாரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"புள்ள, அந்த வளவ நினைச்சு உனக்கு மனவருத்தம் இரிக்கா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு வருஷம் எண்டு சொன்னீங்க. நான் ரெண்டு வருஷம் பாத்தன். பிறகு விட்டுட்டன்."

சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அன்றிரவே கையில் இருக்கிற காசை எண்ணிப் பார்த்தேன்.

விடிந்ததும் பனிச்சங்கேணிக்குப் போனேன். காசு இருக்கிறது, வாங்கி அவள் கையில் கொடுத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்று வாங்கியவரின் மகன்தான் இப்போது அங்கே இருக்கிறான். மீன்பிடிக்கிறவன். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தான்.

"விலை பேச ஒண்ணுமில்ல ஐயா. இது என்ட மகளுக்கெண்டு வெச்ச வளவு."

"ரெண்டு மடங்கு தாறன் தம்பி. புள்ளைக்கு வேற இடத்தில இதவிடப் பெருசா வாங்கலாம்."

"உங்கட மகளுக்குக் குடுக்கிறதா இருந்தா, ரெண்டு மடங்குக்கு நீங்க விப்பீங்களா?"

கொழும்பு மீன் சந்தையில் என்னிடம் பேசி வென்றவன் கிடையாது. இவன் ஒரே பேச்சில் வென்றுவிட்டான். இளநீர் வெட்டித் தந்தான். என் மாமனார் வைத்த தென்னையின் இளநீர். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பெண்சாதியிடம் நடந்ததைச் சொன்னேன். "பாவம், அந்தப் புள்ளட வளவ ஏன் கேட்டுப் போனீங்க?" என்று என்னைத்தான் ஏசினாள்.

அடுத்த கிழமை அவளை உறுதி முடிக்கிற நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். நாவற்குடா வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதச் சொன்னேன். எழுதி முடித்து நொத்தாரிஸ் வாசிக்கப் போனார். "குடுங்க ஐயா, நான் வாசிக்கிறன்" என்று கையை நீட்டி வாங்கினாள். இப்போது எனக்கே வாசிக்கத் தெரியும். ஆனாலும் அவள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். தன் பெயர் வந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள்.

மறுநாள் காலையிலேயே முதல் கட்டளை வந்தது. "இஞ்ச பாருங்க, இனி என்ட வளவுக்குள்ள மீன் பெட்டி அடுக்க ஏலாது. நாத்தம் தாங்கேலாம இரிக்கி." முப்பது வருஷமாய் அந்த முற்றத்தில்தான் பெட்டி அடுக்கினேன். ஒரு நாளும் வாய் திறக்காதவள்! பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு கொட்டில் எடுத்துப் பெட்டிகளை மாற்றினேன்.

அதைப் பார்க்கவென்றே தங்கச்சிக்காரி வந்தாள். "அத்தான், கல்யாணம் முடிச்சி நாப்பது வருஷத்துக்குப் பிறகு இப்பதான் மாப்பிள்ளையா வீட்டுக்கு வந்திரிக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. சொந்தமாய் உழைத்துக் கட்டிய மாடி வீட்டைப் பெண்சாதிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவள் வீட்டு மாப்பிள்ளையாய் நெஞ்சை நிமிர்த்தி இருக்கிறவர்கள் இந்தத் தெருவில் வேறு யார்? லொறி வாங்கியதைவிட இதுதான் எனக்குப் பெருமை.

ஒரு நாள் அவளிடம் கேட்டும் பார்த்தேன். "இப்ப உன்ட கடன் தீந்திட்டா புள்ள?"

"வீடு வந்திட்டு," என்றாள். "அம்மா இருந்த வீடு வரல்லயே."

அதனால் இப்போதெல்லாம் நான் கடனில்லாதவன் என்று முற்றத்தில் நின்று சத்தம் போடுவதில்லை. கடன் தீர்ந்ததென்று வாங்கியவன் சொல்லக் கூடாது, கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும் என்று அறுபத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன். அவள் அதைச் சொல்லும் நாளுக்காக, இந்த வயதிலும் விடியப் புறப்பட்டு உழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.