எல்லாம் சரி என்று எழுதியவர்

இருபத்திரண்டு வருஷம் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டிய ஆள், வேலையை விட்டுவிட்டுப் புத்தகம் எழுத உட்கார்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றுதான் ஆபரேட்டரின் மனைவியும் கேட்டாள். கேட்ட கையோடு சாப்பாட்டு மேசையில் பாதியை ஒழித்தும் கொடுத்தாள். அந்தப் பாதி மேசைதான் ஆபீஸ். முதலாளியும் அவரே, பியூனும் அவரே.

முதலில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது எப்படி, வீட்டு மோட்டார் ஏன் புகைகிறது என்று சின்னச் சின்னப் புத்தகங்கள். நன்றாகவே போயின. ஆனால் அவர் வேலையை விட்டது அதற்கா? இல்லவே இல்லை. வால்வு அண்ணனைப் பற்றி எழுதத்தான்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பதினெட்டு வருஷம் ஒரே ஷிப்டில் கூட நின்றவர். பம்ப் இவர் கையில், வால்வுகள் அவர் கையில். அந்த இரைச்சலில் பேச்சு எங்கே காதில் விழும்? விரலை ஆட்டியே ஊர் வம்பு முழுக்கப் பேசி முடிப்பார்கள். அண்ணன் போய் மூன்று வருஷமாகிறது. எழுதிக்கொண்டே இருக்கும்போது ஆபரேட்டர் சில சமயம் தலையைத் தூக்கி, யாரும் இல்லாத பக்கம் பார்த்து விரலை ஆட்டிவிடுவார். இன்னும் ஒரே ஒரு ஷிப்டு அவரோடு நிற்க முடியாதா என்று இருக்கும்.

எழுதவேண்டியது ஒரு மத்தியானத்தைப் பற்றி. குளோரின் சிலிண்டர் கசிந்த மத்தியானம். முகமூடி அலமாரிக்குள், சாவி இன்ஜினியர் பையில், இன்ஜினியர் வெளியூரில்! அண்ணன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார். மூடிவிட்டுத்தான் திரும்பினார். சுற்றியிருந்த தெருக்களெல்லாம் ஒன்றும் தெரியாமல் குட்டித் தூக்கம் போட்டன. அண்ணனின் நுரையீரல் மட்டும் அன்றோடு சரி.

பதிப்பகத்து அம்மா கறாரானவர். "கதைன்னா விட்டுடலாம் சார். இது நடந்ததுன்னு சொல்றீங்க. ஏதாவது ஒரு காகிதம் காட்டுங்க."

காகிதத்துக்கா பஞ்சம்? ஷிப்டுக்கு ஷிப்டு பதிவேடு எழுதுகிற இடமாயிற்றே! ஆபரேட்டர் பழைய நிலையத்துக்குப் போனார், மனுக் கொடுத்தார், தூசி தட்டிப் புரட்டினார். அந்தத் தேதி இருந்தது. அவருடைய கையெழுத்தும் இருந்தது: 'எல்லாம் சரி. விசேஷம் ஒன்றுமில்லை.'

அடப்பாவி! அதை எப்படி மறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஷிப்டு தொடங்கும்போதே அந்த வரியை எழுதி வைத்துவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கசிவுக்குப் பிறகு அடித்துத் திருத்தப் போனவரை அண்ணன்தான் மூச்சிரைக்கத் தடுத்தார். "விடுடா. அடிச்சா விசாரணை வரும். முகமூடி இல்லாம ஏன் போனேன்னு என்னைத்தான் தூக்குவாங்க." இவரும் விட்டுவிட்டார். அண்ணன் வேலை தப்பியது. ஆனால் பின்னால் அவர் இருமி இருமிச் சாய்ந்தபோது, வேலையால் வந்தது என்று சொல்ல ஒரு வரி இல்லை. "திருட்டுத்தனமா சிகரெட் குடிச்சிருப்பான்" என்றார்கள். அந்தப் பேச்சு அண்ணியை இன்றும் அறுத்துக்கொண்டிருக்கிறது. புத்தகம் வந்தால் அது அடங்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார் ஆபரேட்டர்.

இரண்டு நாள் அவர் பேனாவைத் தொடவில்லை.

"பேசாம அந்த அத்தியாயத்தை எடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"அதை எடுத்துட்டா நான் எதுக்குடி எழுதணும்?"

மூன்றாம் நாள் காலையில் எழுதினார்: 'அன்றைய பதிவேட்டில் இருப்பது பொய். எழுதியவன் நான்.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பதிப்பகத்து அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது போதும் சார். ஆனா உங்க மானம் போயிடுமே?"

"போனா போகட்டும்மா."

அச்சுக்குப் போகுமுன் அண்ணி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினார். பொய் எழுதியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனார். அண்ணி திட்டவில்லை. கடைசி ஒரு வருஷம், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போன மனிதரைத்தான் அவர் தினமும் பார்த்திருந்தார்.

"தம்பி," என்றார், "அவரு ஓடுறாருல்ல, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க."