நாலாவது சிலிண்டர்

பாஞ்சாலியைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் மணிமங்கலத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஐடிஐயில் அத்தனை பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து மெக்கானிக் படிப்பு முடித்தவள் அவள். பகலில் ஒரகடத்தில் கார் எஞ்சின் செய்யும் கம்பெனியில் பிஸ்டன் பூட்டும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கட்டும் வேலை. அவள் கட்டிய வண்டி நடுவழியில் நின்றதாகப் பேச்சே கிடையாது. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுடைய தம்பி டில்லிபாபு படப்பையில் டயர் கடை வைத்திருக்கிறான். கார் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. தன் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ போட்டே ஆக வேண்டும் என்று அக்காவின் உயிரை வாங்கினான். டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். பலம் கூடும், கூடவே சூடும் கூடும். வண்டியோடு வந்த பிஸ்டன் அந்தச் சூட்டைத் தாங்காது என்று கனமான பிஸ்டன்களாக வாங்கிவரச் சொல்லி, பாஞ்சாலி எஞ்சினைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தாள்.

அந்த எஞ்சினில் சிலிண்டர் என்ற நாலு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனைச் சுற்றி ரிங் என்று ஒரு வளையம் உண்டு. அது முழு வட்டம் கிடையாது. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் சூட்டில் ரிங் நீளும். இடைவெளி போதவில்லையென்றால் முனையோடு முனை முட்டி, ரிங் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பிஸ்டன் உடையும். கம்பெனியில் ரிங் தயாராகவே வரும், எடுத்து மாட்டினால் போதும். டில்லி வாங்கிவந்த ரிங் அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, அளந்து பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியில் எஞ்சின்கள் வரிசையாக நகர்ந்து வரும் லைனில் மறதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏதாவது விட்டுப்போனால் கேமரா பார்த்துவிடும், பச்சை விளக்கு எரியாது, எஞ்சின் அந்த இடத்தைவிட்டு நகராது. வருஷக்கணக்காக அப்படி ஓர் இடத்தில் நின்றவர்களுக்கு, ஞாபகம் வைத்துக்கொள்வது மெஷினின் வேலை என்று கை தானாகப் பழகிவிடும். தகரக் கொட்டகையில் ஏது பச்சை விளக்கு?

புதிதாகக் கட்டிய வண்டியைக் கொஞ்ச நாள் மிதிக்காமல் பதமாக ஓட்ட வேண்டும். டில்லியும் சமர்த்தாக ஓட்டினான். அன்றைக்குக் காலையில் பாஞ்சாலி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, இன்னிக்குத்தான் டர்போ ஃபுல் பூஸ்ட்டு! வண்டலூர் ரோட்ல உட்டுப் பாக்கப் போறேன். பாப்பாவுக்கு இஸ்கூல் லீவு, அதுவும் வரேன்னு அடம் புடிக்குது. இட்டுனு போறேன்." பாஞ்சாலி சிரித்துக்கொண்டே போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள்.

எத்தனையாவது எஞ்சினோ தெரியாது. கையில் ஒரு ரிங்கை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டில்லி வண்டியில் நாலாவது சிலிண்டர் ரிங்கை நான் ராவினேனா?

முதலாவது நினைவிருந்தது. இரண்டாவதற்கு டில்லி பக்கத்தில் நின்று மசால்வடையைத் தின்றுகொண்டே கதையடித்தான், அது பளிச்சென்று நினைவிருந்தது. மூன்றாவதும் சரி. நாலாவது? ஒன்றுமே இல்லை. யோசிக்க யோசிக்க வெறும் இருட்டாக இருந்தது. அந்த ரோடு முழுக்க டிரெய்லர்கள். ஓடுகிற வேகத்தில் எஞ்சின் இறுகிப்போனால், பின்னால் வருகிற டிரெய்லர் எங்கே நிற்கும்? முன் சீட்டில் டில்லியின் மகள் கவிப்பிரியா. ஐயோ, அந்தக் குழந்தை!

தலைக்குமேல் மஞ்சள் கயிறு தொங்கியது. பார்ட்டில் கோளாறு என்றால் இழுக்க வேண்டிய கயிறு. இழுத்தால் லைனே நின்றுவிடும். பாஞ்சாலி இழுத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் எழிலரசன் ஓடிவந்தான். "இன்னாக்கா, பார்ட்ல எதுனா பிரச்சனையா?"

"பார்ட்ல இல்ல சார். நான் கட்டின வண்டில. என் தம்பி குழந்தைய வெச்சுகினு ரோட்ல கீறான். எனக்கு போன் பண்ணணும்."

லைன் நின்றதற்கு அவன்தான் மேலே பதில் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தவன் கையுறையை மாட்டிக்கொண்டான். "ஓடுக்கா. நான் நிக்கிறேன்."

டில்லி எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள், எடுக்கவில்லை. லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். அடுத்த தடவை கவிப்பிரியா எடுத்தாள்.

"அத்தை! அப்பா ஓட்டிகினு கீறாரு. இப்பதான் மிதிச்சாரு, செம ஸ்பீடு! இன்னொரு வாட்டி மிதிக்கப் போறாரு!"

"வேணாம்! பாப்பா, கால எடுக்கச் சொல்லு! வண்டிய ஓரங்கட்டச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு!"

போனில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு டில்லியின் அதட்டல், அதற்குப் பிறகு ஹார்ன் சத்தம். "நிறுத்தியாச்சு அத்தை" என்று குழந்தை சொன்னதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். டில்லிக்கு மூக்குக்கு மேல் கோபம். "சும்மா ஒரு சந்தேகத்துக்குப் போயி முழு எஞ்சினையும் பிரிப்பாங்களாக்கா?"

"பிரிப்பாங்க. ஸ்பேனர எடு."

நாலாவது பிஸ்டனை உருவி, ரிங்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் வைத்து அளந்தாள். இடைவெளி இருந்தது, அளவும் கச்சிதம். டில்லி தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா! ஒண்ணும் இல்லாததுக்கு லைன நிறுத்தி, என் உசுர எடுத்து... திரும்பப் பூட்டுக்கா."

பாஞ்சாலிக்கும் சிரிப்பு வந்தது. பிரித்தது பிரித்தாயிற்று, மற்றதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக உருவினாள். இரண்டாவது பிஸ்டன் கைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. ரிங்கின் இரண்டு முனைகளும் முட்டி முட்டித் தேய்ந்து, கண்ணாடியாகப் பளபளத்தன. அரம் அதைத் தொடவே இல்லை.

"ரெண்டாவதா?" டில்லி ரிங்கை வாங்கிப் பார்த்தான். "நான் பக்கத்துலதானேக்கா நின்னேன். நீ ராவுனத என் கண்ணால பாத்தேனே."

"நானும்தான்டா பாத்தேன்."

வாசலில் கவிப்பிரியா பக்கத்து வீட்டு நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை மிதித்திருந்தால்?

பாஞ்சாலி எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த போல்ட்டுகளில் ஸ்பேனரைக் கொடுத்தாள்.

"அதையெல்லாம் ஏங்கா கழட்டுற? அது நல்லாத்தான் போட்ட, எனக்கு நல்லா தெரியும்."

"எனக்கும் நல்லா தெரியும்டா. ரெண்டாவதும் இப்பிடித்தான் நல்லா தெரிஞ்சுது" என்று சொல்லி, அவள் முதல் போல்ட்டைத் திருகினாள்.