அக்கா பாதியில் விடாத மருந்து

கீழ்க்கட்டளை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், சிவப்பு கேப்ஸ்யூல் அட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தார். எனக்குச் சிட்லபாக்கம் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் நான் ஆறாம் வகுப்பு. அக்காவுக்கு டி.பி. வந்திருந்தது. இதே சிவப்பு கேப்ஸ்யூலும் சேர்ந்த அவளுடைய மாத்திரைகளை, யார் கண்ணிலும் படாதபடி அம்மா ரவை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் அவற்றை விழுங்கிவிட்டு, குமட்டலை அடக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அக்கா நிற்பாள்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. உடனே ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

"இனிமே எதுக்குடி மாத்திரை? நிறுத்திடு" என்றாள் அம்மா.

"பாதியில விட்டா திரும்ப வரும்மா. அப்போ இந்த மருந்தே கேக்காது."

வந்தவர்களுக்குக் காபி கொடுத்த கையோடு அக்காவே சொல்லிவிட்டாள்: "எனக்கு டி.பி. இருக்கு, ஆன்ட்டி. இன்னும் நாலு மாசம் மருந்து சாப்பிடணும். அதுக்கப்புறம்தான் கல்யாணம்."

அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அம்மா அன்று முழுக்க அழுதாள். ஆனால் மறுநாள் காலை, மாத்திரையையும் தண்ணீரையும் அவளே எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா குணமானாள். இன்று மறைமலை நகரில் கணக்கு டீச்சர்.

கடைவாசலில் அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன்: "எங்க அக்காவும் இதான் சாப்பிட்டாங்க. இப்போ நல்லா இருக்காங்க. நடுவுல விட்டுடாதீங்க."

"விடமாட்டேங்க" என்றார் அவர்.