நான்கு மாதம் பூட்டியிருந்த என் வாய்

என் கணவரைப் பாம்பு கடித்தபோது நான் அவரோடு பேசி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இந்தச் சாட்சியை நான் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பாம்பிலிருந்து ஆரம்பித்தால் பாதி பொய்யாகிவிடும்.

என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஆராதிக்கிற சகோதர சகோதரிகளே, எனக்கு மைக்கைப் பிடித்துப் பேச வராது. அதனால் நம் சபை இதழுக்கு எழுதித் தருகிறேன் என்று போதகரிடம் சொன்னேன். ஆண்டவர் செய்ததை மறைக்கக் கூடாது என்பதற்காக, நான் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஞானசெல்வி. மம்சாபுரத்தில் இருக்கிறோம். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். என் கணவர் தங்கராஜ் மலையடிவாரத்தில் ஒரு தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள், பெனிட்டா. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

போன வருஷம் ஆடி மாதம் தளவாய்புரத்தில் என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமானது. மில்லுக்குள் போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். அதனால் என் அக்காள் என் கணவருக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். அப்போது நண்பகல். அதற்கு முன் மூன்று தடவை அம்மாவுக்கு அப்படி வந்து சரியாகியிருந்தது. மெஷின் பக்கத்தில் நிற்பவளைப் பயமுறுத்த வேண்டாம், ஷிப்ட் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் நினைத்துவிட்டார். நாலரை மணிக்கு மில் வாசலில் வண்டியோடு நின்றார். நாங்கள் தளவாய்புரம் போய்ச் சேர்வதற்கு அரை மணி நேரம் முன்னால் அம்மா போய்விட்டார்கள். கடைசி வரைக்கும் என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று அக்காள் சொன்னாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சண்டை போடவில்லை. அழவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, ஒங்கப்பாட்ட குழம்பு இருக்குன்னு சொல்லு" என்பேன். அவர் அடுத்த அறையில்கூட இருக்க மாட்டார். என் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

முதல் மாதம் அவர் இரண்டு மூன்று தடவை, "செல்வி, செத்த நேரம் கேளேன்" என்று ஆரம்பித்தார். நான் எழுந்து போய்விடுவேன். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தை அந்த நான்கு மாதமும் நான்தான் நடத்தினேன். பிரிந்திருக்கிற குடும்பங்களுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தேன். உங்களில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆண்கள் பக்கம் போவார், நான் பெண்கள் பக்கம் போவேன். வெளியே பார்க்க நாங்கள் நல்ல குடும்பம்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். மில்லில் சூப்பர்வைசர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"செல்விம்மா, மெஷின விட்டுட்டு வாங்க. ஒங்க வீட்டுக்காரர பாம்பு கடிச்சிருச்சாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

தோப்பில் மோட்டாரைப் போட்டுவிட்டு, பம்ப் ரூம் பக்கத்தில் கிடந்த தென்னமட்டைகளை அவர் அள்ளியிருக்கிறார். உள்ளே நல்ல பாம்பு. வலது கை ஆள்காட்டி விரலில் கொத்திவிட்டது. பக்கத்துத் தோப்பு மாரியப்பன் அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து, லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் கிடந்தார். இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வலது கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. கண் இமைகள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. தூக்கத்தை அடக்க முடியாதவர் போலத் தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழே இருந்த சின்ன இடைவெளி வழியாக என்னைப் பார்த்தார்.

"செ... வி..." என்றார். நாக்கு தடித்துப் போயிருந்தது. வாயோரம் எச்சில் வடிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாரியப்பன் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "அவியளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்கண்ணே" என்றேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. நான்கு மாதப் பழக்கம். வாய் தானாக அப்படித்தான் பேசியது. மாரியப்பன் அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். என் கணவர் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இமைகள் முழுதாக மூடிக்கொண்டன. மூச்சு மேலும் கீழும் இழுக்க ஆரம்பித்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். "விஷத்துக்கு மருந்து குடுத்தாச்சும்மா. ஆனா மூச்சு விடுற தசை ஓஞ்சுகிட்டே வருது. மெஷின்ல வைக்கணும். ராஜபாளையம் அனுப்புறோம்."

ஆம்புலன்ஸில் ஒருவர் என் கணவர் வாயில் செருகிய குழாயோடு இணைந்த ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு ஏறி இறங்கியது. அமுக்குகிறவர் கை ஓய்ந்தால் என் கணவருக்கு மூச்சு இல்லை. அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனேன். ஜெபிக்கவில்லை. ஜெபம் வரவில்லை.

ராஜபாளையத்தில் அவரை மெஷினில் வைத்தார்கள். அக்காள் பெனிட்டாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் போதகர் வந்தார். என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "வேற ஏதாவது பாரம் இருக்காம்மா? சொல்லுங்க, சேந்து ஜெபிப்போம்" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த நேரத்திலும் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையிலும் அவர் அசையவில்லை. இரண்டாவது தடவையும் மருந்து கொடுத்தாகிவிட்டது என்றார்கள். இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. டாக்டர், "காத்திருந்துதான் பாக்கணும். இன்னும் எதுவும் சொல்ல முடியாது" என்றார். நான் வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்து, "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். அடுத்த வார்த்தை வராது. மறுபடியும் "ஆண்டவரே" என்பேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் விடாமல் ஜெபிக்கிற வாய் இது.

மத்தியானம் அக்காள் சாப்பாடு கொண்டுவந்தாள். பெனிட்டா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு ஏட்டி. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள். "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உன்ட்டப் பேச மாட்டேம்மா. நீ அப்பாட்டப் பேசாம இருந்தேல்ல, அந்த மாதிரி. கல்யாணம் ஆகிப் போனாலும் பேச மாட்டேன்."

அக்காள், "என்னட்டி சொல்லுதா இவ?" என்று என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறைத்து வைத்ததெல்லாம் அந்த வராந்தாவில் அத்தனை பேர் மத்தியில் விழுந்துவிட்டது. என் அம்மாவைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார் என்று அவருக்கு நான் கொடுத்த தண்டனையை என் மகள் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றிருக்கிறாள். இனி அதை எனக்குத் தரப்போகிறாள். நான் செத்தாலும் அது இந்த வீட்டை விட்டுப் போகாது.

எழுந்து வெளியே போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருந்தது. கொளுத்துகிற வெயில். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் மரத்தடியில் முழங்கால் போட்டேன். அழகாக ஜெபிக்கத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஆண்டவரே, நான் பொய்க்காரி. அவரு எம் முகத்தப் பாத்து எம்பேரச் சொன்னாரு. நான் பதில் சொல்லல. என்னைய மன்னியும். அவரத் திருப்பிக் குடும்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஒரே ஒரு தடவ அவருட்டப் பேச விடும். அவரு காதுல விழுறாப்புல ஒரே ஒரு வார்த்த. அது போதும்."

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. திரும்பி வந்து வார்டு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். சின்ன வயசு. அதற்கு முன் அவரோடு நான் பேசியதில்லை.

"தங்கராஜ் வீட்டம்மாவா? உள்ள வாங்கக்கா. அஞ்சு நிமிஷம் இருக்கலாம். அவருட்டப் பேசுங்க."

"அவியதான் நெனவில்லாம இருக்காவளே."

"யாரு சொன்னா? நெனவு இருக்குக்கா. தூங்குற மருந்துகூட ரொம்பக் குடுக்கல. கண்ணத் திறக்க முடியல, அசைய முடியல, அம்புட்டுதான். காது நல்லாக் கேக்கும். நாம பேசுறதெல்லாம் கேட்டுட்டுத்தான் கிடப்பாரு."

சகோதரிகளே, நான் மரத்தடியில் கேட்டது இதைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உள்ளே போனேன். அவர் பக்கத்தில் நின்றேன். மெஷின் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. குனிந்து காதருகே வாயைக் கொண்டுபோனேன். நான்கு மாதத்துக்குப் பிறகு எங்கேயிருந்து தொடங்குவது? என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்:

"என்னங்க. மோட்டார் ஓடிக்கிட்டே கிடக்குன்னு கவலப்படாதீங்க. மாரியப்பன் அண்ணன் போயி அமத்திட்டாவ."

அதைச் சொன்னதும் உடைந்துவிட்டேன். "நான்தாங்க பேசுறேன். செல்விதான். எம்மேல தப்பு. நேத்து நீங்க என்னையக் கூப்பிட்டீங்க, நான் பேசல. அம்மா போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க? எனக்குப் பயம் வந்துரக் கூடாதுன்னுதான செஞ்சீங்க. என்னைய மன்னிச்சுருங்க. எந்திரிச்சு வாங்க. எந்திரிச்சு வந்து திட்டுங்க." பிறகு அங்கேயே அவர் காதோடு ஜெபித்தேன். இந்தத் தடவை "ஆண்டவரே" என்பதோடு நிற்கவில்லை.

தலையை நிமிர்த்திப் பார்த்தால், மூடிய இமையோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இமை சரியாக மூடாவிட்டால் அப்படி வடியும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் படித்தவர், சொல்லட்டும். நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் போதகருக்குப் போன் போட்டு நான்கு மாதத்தையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இப்ப ஜெபிப்போம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்து ஆறரை மணிக்கு அந்த நர்ஸ் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். என் கணவருடைய இடது கால் பெருவிரல் அசைந்தது. லேசாகத்தான். நான் பெனிட்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பா, இன்னொரு தடவ ஆட்டுங்கப்பா" என்றாள். ஆட்டினார். மத்தியானத்துக்குள் இமை திறந்தது. சனிக்கிழமை குழாயை எடுத்தார்கள்.

தொண்டை புண்ணாகி இருந்ததால் அன்றைக்கு அவருக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நீங்களெல்லாம் சபையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், காற்று மாதிரி ஒரு குரலில் பேசினார்.

"கண்ணு தெரியல. கையக் காலத் தூக்க முடியல. செத்துட்டேன் போலன்னு நெனச்சேன் செல்வி. சுத்தி யாரு யாரோ பேசுறாக, ஒன் சத்தம் மட்டும் இல்ல. பொறவு நீ மோட்டாரப் பத்திச் சொன்னியா, அப்பத்தான் உசுரு இருக்குன்னு தெரிஞ்சது."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "அன்னைக்குப் போன் வந்ததும் மில்லு வாசலுக்கு வந்திருக்கணும். தப்பு என்மேலதான். இத ஒன்ட்டச் சொல்லணும்னு எம்புட்டோ நாளு பாத்தேன்."

நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன்.

எல்லாம் முன்போல ஆகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆள்காட்டி விரலில் சதை அழுகி, மேல் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் அவரால் வாளியை இறுக்கிப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானை நான்தான் மாட்டிவிடுகிறேன். அம்மாவின் கடைசி நேரத்தில் நான் இல்லையே என்ற வலி சில நாள் திடீரென்று வந்துவிடுகிறது. முன்பு அந்த வலி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். இப்போது அவரிடமே சொல்லி அழுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்.

குடும்ப ஜெபத்தை இப்போது வேறு மாதிரி வைத்திருக்கிறோம். பாயை விரிப்பதற்கு முன் அன்றைக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற வருத்தத்தைச் சொல்லிவிட வேண்டும். நன்றியையும் சொல்ல வேண்டும். சில நாள் அது சண்டையாகிவிடும், ஜெபம் தாமதமாகும். பெனிட்டா கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பாள். நேற்று அவர் என் ரசத்துக்கு நன்றி சொன்னார். நான் அவர் மூச்சு விடுவதற்கு நன்றி சொன்னேன். சும்மா சொல்லவில்லை. மூச்சை ஒருவர் கையால் அமுக்கிக் கொடுத்ததைப் பார்த்தவள் நான்.

பெண்கள் கூட்டத்தை நடத்துவதை நிறுத்திவிட்டேன். இப்போது பின்வரிசையில் உட்காருகிறேன். அங்கேயிருந்து பார்த்தால் எனக்குச் சில முகங்கள் தெரிகின்றன. பாட்டு நன்றாகத்தான் வருகிறது. வீட்டில் பேச்சில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. நான் அப்படித்தான் நான்கு மாதம் பாடினேன்.

உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், கூடப் பிறந்தவராக இருக்கலாம். நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம், என் பக்கமும் இருந்தது. அந்த ஆள் நன்றாக நடமாடுகிற இன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள். முதல் வார்த்தை வராவிட்டால் முழங்கால் போட்டு அதை ஆண்டவரிடம் கேளுங்கள். பொய்க்காரி என்று தெரிந்தும் ஒரு வேப்பமரத்தடியில் எனக்கு அதைக் கொடுத்தவர், உங்களுக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டார். அவருக்கே எல்லா மகிமையும்.