பாலாய் நின்ற ரத்தம்

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது சுலபம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை நம்புவதுதான் கஷ்டம். கவுண்டரில் உட்கார்ந்து தினமும் பொய் கேட்கும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு சின்ன லேப்பில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன்.

மீசையில் குழம்பு

கொழுப்பு டெஸ்ட் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடக்கூடாது என்பது எங்கள் லேப் சட்டம். ஒரு அங்கிள், "ஒண்ணுமே சாப்பிடல" என்று அடித்துச் சொன்னார். மீசையில் ரொட்டி சானாய்க் குழம்பு இன்னும் காயவில்லை. விரலை நீட்டிக் காட்டினேன். நிதானமாகத் துடைத்துக்கொண்டு, காலைப் பலகாரம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது போலச் சொன்னார்: "சாப்பிடல லா, பசியாறினேன்!"

இப்படிப்பட்டவர்களால்தான் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

குழாயைக் குப்பையில் போட்டேன்

முனியாண்டி அண்ணன் பக்கத்து ஊரான பெக்கான் நானாசில் அன்னாசி லாரி ஓட்டுகிறவர். ஆறு மாதத்துக்கு முன்பே ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் அதிகம். மறுபடி பார்க்கச் சொல்லி, மேல்மாடி கிளினிக் டாக்டர் அனுப்பியிருந்தார். ரத்தத்தை மெஷினில் சுழற்றினால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அவர் குழாயில் நின்றது பால். கெட்டியான, வெள்ளை வெளேரென்ற பால். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். டெஸ்ட் செய்யாமலே குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் திட்டி அனுப்பினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "சாமி மேல சத்தியம் தங்கச்சி, நான் ஒண்ணுமே தொடல."

மறுபடியும்

பத்து நாள் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. இந்தத் தடவை குழாயில் முன்னைவிடக் கெட்டி. எனக்கு அதிர்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. "அண்ணே, எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கத்திவிட்டு, அதையும் குப்பையில் போட்டேன். அவர் சண்டை போடவில்லை. மெதுவாகக் கேட்டார்: "இன்னும் சுத்தமாகலையா தங்கச்சி?"

அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் நம்பரோடு காத்திருந்தார்கள்.

கைப்பையிலிருந்து வந்த பொடி

மறுவாரம் மனைவி லெட்சுமி அக்காவோடு வந்தார். மேல்வயிற்றில் சுருக் சுருக்கென்று வலியாம். மறுபடியும் பால்! இந்தத் தடவை குழாயை எடுத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். லெட்சுமி அக்கா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு பொடி பாக்கெட்டை எடுத்தார். பித்தப்பையை எடுத்த பிறகு அக்காவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று கொடுத்த மருந்து அது. கொலஸ்ட்ராலுக்கும் இதைக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, இருவரும் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் குடிப்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன?

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈரல் செய்யிற பித்தம் குடலுக்குப் போய்த் திரும்ப ஈரலுக்கே வரும். அப்படித் திரும்பி வர்ற பித்தம்தான், 'ரத்தத்துல கொழுப்பு அனுப்பினது போதும்'னு ஈரலை அடக்கி வைக்கும். இந்தப் பொடி பித்தத்தைக் குடல்லயே பிடிச்சு வெளிய தள்ளிடும். அப்புறம் ஈரலைத் தடுக்க யாரு இருக்கா? கொலஸ்ட்ரால் குறையும், ஆனா ரத்தத்தைப் பாலாக்குற இந்த இன்னொரு கொழுப்பு ஏறும். ஏற்கெனவே ஏறியிருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கணையம் வெந்து, உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

முதல் குழாயையே நான் டெஸ்ட் செய்து மேலே அனுப்பியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். லெட்சுமி அக்கா முந்திக்கொண்டார். கோபமே இல்லாத குரல்: "ரத்தம் சீக்கிரம் சுத்தமாகட்டும்னு, நீங்க திட்டுனதுக்கு அப்புறந்தாம்மா ஒரு பாக்கெட்டு ரெண்டாச்சு."

நாலாவது தடவை

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பொடியை நிறுத்தி, சரியான மருந்து கொடுத்து, எண்ணெயையும் இனிப்பையும் குறைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து முனியாண்டி அண்ணன் மெலிந்து வந்து நின்றார். ரத்தம் எடுத்துக் குழாயைச் சுழற்றினேன். லேசாகக் கலங்கிய மஞ்சள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி கேட்டார்: "இன்னைக்கும் ஒண்ணும் சாப்பிடல தங்கச்சி. நம்புறீங்களா, இல்ல நாளைக்கும் வரணுமா?"

பதினோரு வருஷமாகப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த நான், உண்மை பேசிய ஒரே மனிதரை இரண்டு தடவை குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறேன்.