கதவுச் சங்கிலி

மூன்று எடைச் சீட்டுகளை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் போட்டது ஒன்று, பாதி வழியில் ஒன்று, சுமையை இறக்கிய இடத்தில் ஒன்று. நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். மனுஷன் பொய் சொல்வான், எடை மேடைக்கு என்ன வந்தது?

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். பதினாறு வருடமாக ராத்திரியில்தான் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் பெரிய சுமைகளைப் பகலில் விட மாட்டார்கள். பேய் என்று ஒன்று இருந்தால் எப்போதோ என்னிடம் லிஃப்ட் கேட்டிருக்கும்.

அன்றைக்கு எனக்கு இருந்தது பயம் இல்லை. எரிச்சல். தலை முதல் கால் வரை எரிச்சல்.

கப்பலில் வந்த ஒரு புல்டோசரை ஏற்றிக்கொண்டு திங்கள் ராத்திரியே நான் கிளம்பியிருக்க வேண்டும். புதன் ராத்திரி வரை துறைமுக வாசலில் தேவுடு காத்தேன். கேட்டால் "பேப்பர் வரல." எந்தப் பேப்பர்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சுமையை விடுவித்துத் தரும் ஏஜெண்ட், வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவர், இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் ரெண்டு நாளாக ஒரு காலி ட்ரெய்லரைத்தான் ஆண்டுகொண்டிருந்தேன்.

அங்கே ஊரில் என் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வியாழன் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க வராம நான் உள்ளே போகமாட்டேன்" என்று போனில் அழுதாள். எப்படியும் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தேன். சுமையை நடுவழியில் விட்டுவிட்டு டிரைவர் நகரக் கூடாது. வழியில் இருக்கும் பெரிய பாலத்தைக் காலை ஐந்துக்குள் தாண்டினால்தான் உண்டு. தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் கம்பெனியின் சொந்த ரோடு. ஐந்தைத் தாண்டிவிட்டால் மறுபடி ராத்திரி பதினொன்று வரை ஓரம்கட்டிக் கிடக்க வேண்டியதுதான். என் பிழைப்பு, என் சத்தியம், எல்லாம் அந்த ஐந்து மணியில் தொங்கியது.

ஒருவழியாகப் புதன் ராத்திரி மெஷினை ஏற்றினார்கள். இந்த மாதிரி மெஷின்கள் கப்பலில் வரும்போது, டிரைவர் உட்காரும் கூண்டின் கண்ணாடி உடையாமல் இருக்க நாலு பக்கமும் பிளைவுட் பலகை அடித்து, அதன்மேல் ஒரு சங்கிலியைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். இறக்கும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். நடுவில் பிரித்து ஏதாவது உடைந்தால் அது என் தலையில் விடியும்.

மூன்று பக்கப் பலகைகள் உப்புக்காற்றில் கறுத்திருந்தன. கதவுப் பக்கம் மட்டும் புத்தம் புதுப் பலகை. ஆணிகள் பளபளத்தன. பக்கத்தில் போனால் ஃபினாயில் வாசனை.

"என்னய்யா, புல்டோசரைக் குளிப்பாட்டினீங்களா?" என்று ஏஜெண்டைக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நேரமாச்சு, கிளம்புங்க" என்றார். என்னை ரெண்டு நாள் உட்கார வைத்தவர் எனக்கே நேரம் சொல்கிறார்!

9:40-க்கு முதல் எடைச் சீட்டு. வண்டியும் சுமையும் சேர்த்து 63,420 கிலோ.

எனக்கு முன்னால், மேலே மஞ்சள் விளக்கு சுழலும் பைலட் வண்டியில் என் மச்சான் போனான். என் மனைவியின் தம்பி. தாழ்வான ஒயர், குறுகலான திருப்பம் எல்லாவற்றையும் அவன் வாக்கி-டாக்கியில் சொல்வான். ட்ரெய்லரில் நான் தனி.

11:25. திறந்த ஜன்னல் வழியாகப் பின்னாலிருந்து சத்தம்.

டக். டக். டக்.

எங்கள் தொழிலில் இந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஒரு சங்கிலி தளர்ந்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் நாற்பது டன் இரும்பு ரோட்டில் உருளும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓரம்கட்டினேன்.

"என்னாச்சு மாமா?" வாக்கியில் மச்சான்.

"சங்கிலி தட்டுதுடா. இரு, வரேன்."

டார்ச் அடித்துச் சுற்றி வந்தேன். புல்டோசரைப் பிடித்திருந்த எட்டுச் சங்கிலிகளும் கல் மாதிரி இருந்தன. மேலே ஏறிக் கூண்டுச் சங்கிலியைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு, சங்கிலியை முறுக்கும் பல்சக்கர லீவரைப் போட்டு ஒரு பல் இறுக்கினேன். பன்னிரண்டு நிமிஷம் போச்சு.

திரும்ப ஓட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. தளர்ந்த சங்கிலி பள்ளத்துக்குப் பள்ளம் தாறுமாறாக அடிக்கும். இது மூன்று மூன்றாக அடித்தது. நடுவில் சரியாக ஒரே அளவு இடைவெளி...

1:50. பாதி வழி எடை மேடை. 63,440.

குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். "ஏத்துனப்போ 63,420. இப்போ இருபது கிலோ கூட இருக்கே?"

"இருபது கிலோ ஒரு விஷயமா சார்? அதுவும், இதுவரைக்கும் நாப்பது கிலோ டீசலாவது எரிஞ்சிருக்கும். குறையத்தானே செய்யணும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"அப்போ அறுபது கிலோ கூட. வழியில ஆள் ஏத்துனியா?"

"சத்தியமா இல்ல சார்."

"ஒரு ஆள் எடை இருக்கேப்பா."

அவரே டார்ச்சுடன் இறங்கி என் கேபின், சீட்டுக்குப் பின்பக்கம், வண்டிக்கு அடிப்பக்கம் எல்லாம் பார்த்தார். மறுபடி எடை போட்டார். 63,440. இன்னொரு தடவை. 63,440. கடைசியில் முதலாளிக்குப் போன் போட்டு, அவர் தூக்கத்தில் கத்தி, அதன் பிறகுதான் சீல் விழுந்தது. முப்பத்தைந்து நிமிஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரெல்லாம் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஓடுகிறான், என்னிடம் வந்து அறுபது கிலோவை எண்ணுகிறார்கள்!

2:35. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ஒயர் தாழ்ந்து கிடந்தது. மச்சான் கம்பை வைத்து அதைத் தூக்கிக்கொண்டிருந்தான். டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்தினேன். காற்று இல்லை. வண்டி ஒரு நூல்கூட அசையவில்லை.

டக். டக். டக்.

நிற்கிற வண்டியில் சங்கிலி எப்படித் தட்டும்?

இறங்கினேன். சத்தம் நின்றது. மேலே ஏறிப் புதுப் பலகைமேல் கை வைத்தேன். நடுராத்திரிக் குளிரில் அந்தப் பலகை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் சூடு என்று நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன், ஓடியது என் வண்டியின் இன்ஜின். புல்டோசரின் இன்ஜின் கப்பல் ஏறின நாளிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

லீவரைப் போட்டு இன்னும் ஒரு பல் இறுக்கினேன். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"மாமா, அம்மா போன் பண்ணாங்க" என்றான் மச்சான் வாக்கியில். "அக்கா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காளாம்."

"வந்துட்டேன்னு சொல்லு."

4:10. பாலத்துக்கு இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

டக். டக். டக். டக். டக். டக்.

நான் பொறுமை இழந்தேன். வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பலகையில் ஓங்கி இரண்டு அடி அடித்தேன். "சும்மா கெட!" என்று கத்தினேன்.

நிசப்தம்.

பிறகு உள்ளே இருந்து... டக். டக்.

இரண்டு.

என் கை தானாக உயர்ந்தது. நான்கு அடி அடித்தேன்.

டக். டக். டக். டக்.

நான்கு.

திறந்து பார்த்துவிடலாமா? சங்கிலியைத் தளர்த்தி, பலகையைப் பிடுங்கி, திரும்ப அடித்து, திரும்ப இறுக்கி... முக்கால் மணி நேரம். பாலம் போய்விடும். எட்டு மணி போய்விடும். அவள் கையைப் பிடிக்க ஆள் இருக்காது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன்.

லீவரைப் போட்டேன். உடம்பில் இருந்த பலம் எல்லாம் திரட்டி, இன்னும் ஒரு பல் இறுக்கினேன்.

அப்புறம் கீழே குதித்து வண்டியை விரட்டினேன்.

4:25. சத்தம் நிற்கவே இல்லை. டக்டக்டக்டக்... மூன்று மூன்றாக இல்லை. கணக்கே இல்லை.

"மாமா, ஏன் இவ்வளவு வேகம்?"

ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

4:38. மெதுவாகிவிட்டது.

4:45. ஒரு டக். ரொம்ப நேரம் கழித்து... இன்னொன்று.

4:52.

நின்றுவிட்டது.

"அப்பாடா" என்றேன். வாய்விட்டு.

4:57-க்குப் பாலம் ஏறினேன்.

இறக்கும் இடத்தில் 6:20-க்கு மூன்றாவது சீட்டு. 63,340. எரிந்த டீசலுக்குக் கணக்குச் சரியாக இருந்தது. அந்த அறுபது கிலோ எங்கே இறங்கியது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அங்கிருந்த மெக்கானிக் சங்கிலியை அவிழ்த்துப் பலகைகளைப் பிடுங்கினார். நான் பத்தடி தள்ளி நின்றேன். கூண்டு காலி. ஃபினாயில் நெடி மட்டும். மற்றக் கண்ணாடிகள் எல்லாம் காய்ந்திருந்தன. கதவுக் கண்ணாடியில் மட்டும் உட்பக்கம் ஆவி படிந்திருந்தது.

"உள்ள யாராச்சும் படுத்துத் தூங்கினாங்களா?" என்றார் மெக்கானிக், சிரித்துக்கொண்டே.

மச்சான் வண்டியில் பறந்தோம். 7:50-க்கு ஆஸ்பத்திரி. உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் அவள் கையைப் பிடித்தேன். பையன். தாயும் சேயும் நலம். அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அல்லது மறந்த மாதிரி இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி துறைமுகம் போனேன். அதே ஏஜெண்ட். டீ வாங்கிக் கொடுத்து, அந்த ரெண்டு நாள் ஏன் காக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கூண்டுக்குள்ள ஒரு பையன் செத்துக் கிடந்தாண்ணே. இருபது வயசு இருக்கும். டிக்கெட் இல்லாம கடல் தாண்டலாம்னு, பலகை அடிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள புகுந்திருக்கான். கதவு மேல சங்கிலி வந்துடும்னு தெரியல பாவம். திங்கக்கிழமை எடுத்தோம். கதவுப் பலகையைப் போலீஸ்காரங்க கொண்டுபோயிட்டாங்க. அதான் புதுசு அடிச்சோம்."

திங்கள்கிழமையே எடுத்துவிட்டார்கள். நான் ஏற்றியது புதன்கிழமை.

"எடை என்ன இருப்பான்?" என்றேன்.

"அதை யாருண்ணே நிறுத்துப் பார்த்தா?"

"கப்பல்ல ஒருத்தருக்கும் சத்தம் கேக்கலையா?"

"கேட்டிருக்கு. நாலு ராத்திரி, டக் டக்னு. சங்கிலி தளர்ந்து தட்டுதுன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் போய் இறுக்கிட்டு வந்திருக்காங்க. நாலாம் நாள் விடியறதுக்கு முன்னாடி சத்தம் நின்னுடுச்சு. அப்பாடா, இப்பத்தான் ஒழுங்கா இறுகியிருக்குன்னு கப்பல் நோட்டுல நேரம் போட்டு எழுதிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"என்ன நேரம்?"

"நாலு அம்பத்திரண்டு."