சுற்று எண்ணும் செண்பகம்

பாண்டி பஜார் இசைத்தட்டுக் கடையின் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, வலது கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறாள் செண்பகம். தான் எண்ணுவது அவளுக்கே தெரியாது. ஈக்காட்டுத்தாங்கலில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறையில் பதினோரு வருஷ வேலை. சுற்றுகிற எதைக் கண்டாலும் விரல் தானாக ஓடும். பஸ் சக்கரம், மின்விசிறி, கோயில் திருவிழா ராட்டினம், ஒன்றும் தப்பாது.

"ஒரு சுத்து கொறஞ்சாலும் மோட்டாரு பொகஞ்சிடும் நைனா. வெளாட்டா?" என்பாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. பட்டறை விட்டால் நேரே இங்கேதான். இது ஏழாவது சனிக்கிழமை. கடைக்காரர் சிதம்பரநாதன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் இதே பஜாரில் ஜவுளி விற்க, வீம்புக்கென்று இசைத்தட்டு விற்க வந்தவர். வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் போட்டுக் காட்டுவது கடை வழக்கம். அந்த வழக்கத்தைச் செண்பகத்தைப் போல யாரும் பாடாய்ப் படுத்தியதில்லை.

ஏழு வாரத்துக்கு முன் மழைக்கு இந்த வாசலில் ஒதுங்கினாள். உள்ளே ஏதோ தந்தி வாத்தியம் துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமென்றால் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்! மழை விட்டதுகூடத் தெரியாமல் நின்றாள். அதற்குள் பஸ் வர, ஓடிப்போய் ஏறிவிட்டாள். என்ன தட்டு என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிதம்பரநாதன் பிழைத்திருப்பார்.

அந்தத் தட்டுக்காகவே பழைய சாமான் கடையில் மோட்டார் எரிந்துபோன பிளேயர் ஒன்றை வாங்கி, தன் கையால் கம்பி சுற்றி ஓடவைத்தாள். சைதாப்பேட்டையில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையில் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. வேறு ஏதாவது வாங்கிப் போடேன் என்றால் கோபம் வந்துவிடும்.

"அத்தத் தேடிக்கினுதானே வர்றேன்? வேற எனக்கு எதுக்கு?"

இன்றைக்கு விட்டால் போயிற்று. கீறல் விழுந்து விற்காமல் கிடந்த தட்டுகளையெல்லாம் சிதம்பரநாதன் ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டார். திங்கட்கிழமை அவை கம்பெனிக்குத் திரும்பிப் போகின்றன. அலமாரியில் இருந்த மாண்டலின் எல்லாம் போட்டுக் காட்டியாயிற்று. சிதார் போட்டாயிற்று. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே தலையாட்டல்தான்.

"தாயி, இனி நான் வாயால பாடிக் காட்டுனாத்தான் உண்டு" என்று கும்பிட்டார் சிதம்பரநாதன்.

"அந்தப் பொட்டில இன்னா கீது?"

"திருப்பி அனுப்புத சரக்கு. கீறல் விழுந்தது."

"அத்தயும் போடு."

பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டார். நாலாவது ஒரு வீணைத் தட்டு. ஆற அமர நடந்தது வீணை. கீறல் ஊசியில் பட்டு 'டக்' என்றது. ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி 'டக்'. செண்பகம் விறைத்து நிமிர்ந்தாள்.

"இந்த டக்கு அன்னிக்கும் கேட்டுச்சு நைனா!" என்றவளின் முகம் உடனே வாடிவிட்டது. "ஆனா வாசிப்பு இது இல்லியே."

"கீறல் எந்தத் தட்டுலதான் இல்ல?" என்று அவர் ஊசியைத் தூக்கப் போனார்.

"இரு. கைய எடு." அவள் விரல்கள் பறந்தன. உதடு முணுமுணுத்தது. "அன்னிக்கு நாலு டக்கு வந்த நேரத்துக்கு இன்னிக்கு மூணுதான் வருது. தட்டு மெதுவா சுத்திக்கினு கீது."

சிதம்பரநாதனுக்குச் சுருக்கென்றது. அன்று சின்னத் தட்டு ஒன்றைப் போட்ட கையோடு இந்தப் பெரிய தட்டைப் போட்டவர், வேகத்தை நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றிலிருந்து முப்பத்து மூன்றுக்குக் குறைக்க மறந்திருக்கிறார். அசடு வழிய வேகத்தை மாற்றும் விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினார். வீணை துள்ளிக்கொண்டு ஓடியது. செண்பகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத்தான்! இத்தான் நைனா!"

"என் தப்புதான் தாயி. இது சரியான வேகம் இல்ல. வாசிச்ச வித்வான் காதுல விழுந்தா என்னை வெட்டிப் போட்டுருவாரு" என்று சொல்லிக்கொண்டே விசையைப் பழையபடி தள்ளக் கையை நீட்டினார்.

செண்பகம் முந்திக்கொண்டு வலது உள்ளங்கையால் விசையை மூடினாள். தட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை கையை எடுக்கவில்லை. எந்நேரமும் எண்ணுகிற விரல்கள் அதன்மேல் அசையாமல் கிடந்தன.